இரண்டாவது வாய்க்கால்

எனக்குக் கிடைத்த முதல் வேலை அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது. எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, தேனி கடைவீதியில் அப்பாவின் சுண்ணாம்புக் கடைக்கு மேல்மாடியில் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்பா தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லாரி லாரியாகச் சுண்ணாம்பு கொடுப்பவர். பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி ஏழு ஷாப்புகள் இருந்தன. உப்புப் போட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அங்கே வந்து இறங்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் கழன்று, ஆசிட்டும் குரோமும் ஏறி, மெட்ராசுக்குப் போகும். குழித் தண்ணீர் மட்டும் எங்கேயும் போகாது. நேராக முல்லையாற்றில் விழும்.

ஒரு கோடையில் கீழ்ப்பக்கத்து வயல்களில் நாற்று கருகிப்போனது. வயல்காரர்கள் கருகின நாற்றை வண்டியில் கொண்டுவந்து ஷாப்பு வாசல்களில் கொட்டிவிட்டு ரோட்டை மறித்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். ஒரு வருஷத்துக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்து விட வேண்டும், இல்லையென்றால் ஏழு ஷாப்பையும் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு முதலாளிகளும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆற்றை விட்டு விலகிக் கிழக்கே கரட்டுக் குன்றின் அடியில் எல்லா ஷாப்பையும் ஒரே வளாகமாகக் கட்டுவது; எல்லாருக்கும் பொதுவாகச் சுத்திகரிப்புத் தொட்டிகள் போடுவது. அந்தப் பக்கத்தில் அப்போது அது பெரிய யோசனை. வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை.

அவர்களுக்குத் தலைமையாக இருந்த பெரிய முதலாளி எங்கள் கடைக்கு வந்தார்.

"படிச்ச புள்ள வீட்ல சும்மாதான இருக்கு. அங்கன அனுப்பி வைங்க. ஆம்பளையப் போட்டா ஒரு வருசத்துல மெட்ராசுக்கு ஓடிப்போயிருவான்" என்றார்.

அப்பாவால் மறுக்க முடியாது. எங்கள் வீட்டுச் சோறே அவர் வாங்குகிற சுண்ணாம்பில்தான் வந்தது. எனக்கோ சந்தோஷம். மாடியிலிருந்து இறங்கக் கிடைத்த வழி அது.

கரட்டடியில் பார்த்த இடத்துக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில், ஷாப்பு வேலைக்காரர்களின் காலனி இருந்தது. காலனிக்கு ஒரே ஒரு கிணறு. "வேலைக்கு வர்றவுகளுக்கு நடை மிச்சம்" என்று பெரிய முதலாளி சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். கழிவுத் தொட்டியைக் கிணற்றுக்கு மேல் சரிவில் கட்டப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

முதல் கூட்டத்துக்கு மதுரையிலிருந்து வயசான இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தோடு வந்திருந்தார். சுண்ணாம்புக் குழித் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால், ஆசிட் தண்ணீருக்கு இன்னொரு வாய்க்கால், தனித்தனித் தொட்டி என்று வரைந்திருந்தார். எல்லாரும் ஆண்கள், நடுவில் நான். என்னை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது.

"ரெண்டு வாய்க்கால் எதுக்கு? சுண்ணாம்பையும் ஆசிட்டையும் ஒரே வாய்க்கால்ல விட்டா ஒண்ணையொண்ணு முறிச்சுக்கும். தனியா மருந்து போட வேண்டியதில்ல" என்றேன்.

பெரிய முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "சுண்ணாம்புக் கடைக்காரர் மகளப் பாருங்கய்யா!"

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மயிர் கழட்டுறதுக்கு சல்பைடு போடுறாங்களேம்மா" என்றார் மெதுவாக.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டால், இப்போது கிடைத்த சிரிப்பு போய்விடும்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றேன்.

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். ஒரே வாய்க்கால் என்று முடிவானது.

இரண்டு மாதம் கழித்துத்தான் கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சல்பைடு கலந்த தண்ணீரில் ஆசிட் விழுந்தால் விஷ வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். நாலு மூச்சு இழுத்தால் போதும். புத்தகத்தில் இது அரைப் பக்கம்தான் இருந்தது.

பெரிய முதலாளியிடம் சொன்னேன். அதற்குள் காம்பவுண்டுச் சுவர் எழும்பி, வாய்க்காலும் பூசி முடிந்திருந்தது.

"நீதான ஒண்ணு போதும்ன? அடுத்த வருசம் பாப்போம். அதுவரைக்கும் ஆசிட்டக் கொஞ்சங் கொஞ்சமாத் தொறக்கச் சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் மேல் பிரியமாகத்தான் சொன்னார்.

நான் சிவப்புப் பெயிண்டு வாங்கி, 'தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது ஆசிட் திறக்காதே' என்று சுவரில் எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. தொட்டியில் இறங்கப்போகிறவருக்கும் ஆசிட் குழியைத் திறக்கிறவர்களுக்கும் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எழுதிய பிறகு மனசு லேசாகிவிட்டது.

தொட்டிக்கு என்று ஓர் ஆளைப் போட்டார்கள். அதுவரை சுண்ணாம்புக் குழியில் தோல் மிதித்துக்கொண்டிருந்தவர். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். விரல் நுனிகளில் சுண்ணாம்பு தின்ற சின்னச் சின்னப் பள்ளங்கள். அவர் மனைவி உப்பு உதறும் களத்தில் வேலை பார்த்தார். வந்திறங்கும் தோல்களைத் தட்டி உப்பை உதிர்க்கிற வேலை. தொட்டி ஆளுக்குப் பெயர் இருந்தது, ஆனால் வளாகத்தில் எல்லாருக்கும் அவர் 'ஏலே'தான். இருபத்திரண்டு வயசில் நானும் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். அவர் என்னைத் 'தாயி' என்பார். கசட்டை வாரி வெயிலில் பரப்புவது, மேலே மிதக்கும் மயிரைக் கோலால் இழுப்பது, சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவது எல்லாம் அவர் பாடு. நான் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டுபோய் லேபில் பார்ப்பேன். எனக்கு நாற்காலி உண்டு.

ஆறு மாதத்தில் ஆறு தெளிந்தது. பாலத்தில் நின்று பார்த்தால் அடி மணல் தெரிந்தது. வயல்காரர்கள் புது நெல்லும் மாலையுமாக வந்து பெரிய முதலாளிக்குப் போட்டார்கள். அவர் அதில் ஒரு மாலையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். அன்று சாயங்காலம் அப்பா கடையில் வந்து போனவர்களிடமெல்லாம் சொன்னார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ஒரு நாள், பெரிய அதிகாரி ஒருவர் வளாகத்தைப் பார்க்க வருகிறார், மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை மாதிரியாகக் காட்டப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. பெரிய முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். வேப்பங்கன்று நட்டார்கள். கடைசித் தொட்டியில் மீன் நீந்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். அணையிலிருந்து குடத்தில் மீன் வந்தது. விட்ட மீனெல்லாம் மத்தியானத்துக்குள் வயிறு தெரிய மிதந்தன. அந்தத் தொட்டியைக் காலி பண்ணி, போர்வெல் தண்ணீர் நிரப்பி, வேறு மீன் விடச் சொன்னார். அந்த மாதம் காலனிக் கிணறு அடியில் சேறாகக் கிடந்தது. பெண்கள் குடத்தோடு வேலிக்கு வெளியே நின்று, மீனுக்குத் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் முதல் தொட்டியில் கசடு இடுப்பளவு நின்றது. வழக்கமாகத் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு வாரம் காயப்போட்ட பிறகுதான் ஆள் இறங்குவது.

"காய விடணும் முதலாளி" என்றேன்.

"காயிறதுக்கு நாள் இல்லையே பாப்பா. நாளான்னைக்கு வந்து எட்டிப் பாக்குறப்ப இந்தச் சகதியா அவுக கண்ணுல படணும்?"

"சரி" என்றேன்.

அன்று காலையிலேயே தொட்டி ஆள் ஏணி வைத்து இறங்கினார். ஒருவர் மேலே நின்று கயிற்றில் வாளியை இழுத்துக் கொட்டினார். மேற்கு மலையிலிருந்து எப்போதும் வீசுகிற காற்று அன்றைக்கு இல்லை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. பதினோரு மணி வாக்கில் நான் தொட்டி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் சகதியில் நின்றபடி அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"காலையில கொடலப் பொரட்டுச்சு தாயி. இப்ப நாத்தமே இல்ல. பழகிப்போச்சு போல."

"ஒனக்கு மூக்கு செத்துப்போச்சு, போ" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மேலே நின்றவரும் சிரித்தார்.

மீன் தொட்டியைப் பார்க்க நடந்தேன். வழியில் மூன்றாம் ஷாப்பு மேஸ்திரி எதிரே வந்தார். "ஆசிட் குழியக் கழுவச் சொல்லிட்டாகம்மா. இப்பத் தொறந்து விடுறோம்" என்றார்.

நான் "ம்" என்றேன். என் நினைப்பெல்லாம் மீனில் இருந்தது. இரண்டு மீன் மறுபடியும் மல்லாந்திருந்தன. அவற்றைக் கோலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அரைப் பக்கம் ஞாபகம் வந்தது. நாற்றம் இல்லை என்று அவர் சொன்னது, மேஸ்திரி சொன்னது, நான் "ம்" என்றது.

ஓடினேன். செருப்பு எங்கேயோ விழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கயிறு பிடித்தவர் கத்திக்கொண்டிருந்தார். தொட்டி ஆள் உள்ளே குப்புறக் கிடந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. வாய்க்கால் வாயில் பச்சையாக ஆசிட் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கயிறு பிடித்தவர் ஏணியில் கால் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிழிந்தது, ஆனால் ஆள் மேலேதான் நின்றார். என்னால் பிழைத்த உயிர் என்றால் அது ஒன்றுதான்.

அதற்குள் உப்புக் களத்திலிருந்து விழுந்தவரின் மனைவி ஓடி வந்தார். தலை, புருவம், கை எல்லாம் உப்பு. நேராகத் தொட்டிக்குள் பாயப் போனார். மூன்று பேர் சேர்ந்து பிடித்தோம். என் மணிக்கட்டைக் கடித்தார். ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

"விடு தாயி! மூச்சு இருக்கு, அந்தா முதுகு ஏறி எறங்குது! விடு!"

முதுகு ஏறி இறங்கவில்லை. சகதியில் குமிழி வந்ததில் அசைந்தது.

இறங்க யாரையும் விட முடியாது. ஆசிட்டை அடைத்து, சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டி, வெகு நேரம் காத்திருந்தோம். கடைசியில், குழியிலிருந்து தோல் தூக்கும் இரும்புக் கொக்கியைத்தான் எடுத்து வந்தார்கள். வேட்டியில் மாட்டிப் பார்த்தார்கள், கிழிந்தது. பிறகு எங்கே மாட்டினார்கள் என்பதை எழுத மாட்டேன். அந்த அம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய முதலாளி வந்து அழுதார். பொய் அழுகை இல்லை. தோளெல்லாம் குலுங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீதி சகதிய எப்ப எடுப்பாக?" என்று கேட்டார்.

சாயங்காலம் போலீஸ் வருவதற்கு முன்னால் என்னை அறைக்குள் கூப்பிட்டார். விபத்துப் பதிவேடு மேசையில் விரித்துக் கிடந்தது.

"என்ன எழுதப் போற?"

"நடந்தத" என்றேன்.

"எழுது. ரெண்டு வாய்க்கால் வேண்டாம்னு யாரு சொன்னான்னும் எழுது. மதுரை இன்ஜினியரையும் கூப்பிட்டுக் கேப்பாக." பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "அவன் குடிப்பானா?"

"தெரியாது."

"அந்த வேலை செய்றவன் குடிக்காம இருப்பானா? குடிச்சுட்டு எறங்குனான், மயங்கி விழுந்துட்டான். யாருக்கும் பாதகம் இல்ல."

பேனாவை அவரே மூடி கழற்றிக் கொடுத்தார். மது அருந்திய நிலையில் தொட்டியில் இறங்கி மயங்கி விழுந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணியது, அவ்வளவுதான்.

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். கடைசித் தொட்டியில் மீன் நீந்தியது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்து, "பிரமாதம்" என்றார். ஒரு பெண் இதை நடத்துகிறாள் என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன். அன்றைக்குக் காலனியில் மூன்றாம் நாள் சடங்கு. கொட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை.

மறு வாரம் ஆசிட்டுக்குத் தனி வாய்க்கால் கட்டினார்கள். நாலே நாள் வேலை. காம்பவுண்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த செங்கலே போதுமானதாக இருந்தது.

தொட்டி வேலையை இறந்தவரின் மனைவிக்கே கொடுத்தார் பெரிய முதலாளி. "குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணியாச்சு" என்று ஊரில் நல்ல பெயர் வாங்கினார். புருஷன் விழுந்த தொட்டியில் அந்த அம்மா ஏணி வைத்து இறங்கிக் கசடு வாரினார். அவர் இறங்கும் நாட்களில் நான் ஓரத்திலேயே நின்றேன். ஒரு நாளும் என்னோடு பேசவில்லை.

அடுத்த கோடையில் அவராகவே லேபுக்கு வந்தார். கையில் ஒரு சொம்பு. காலனிக் கிணற்றுத் தண்ணீர்.

"பருப்பு வேக மாட்டேங்குது. புள்ளைகளுக்கு வயித்தால போகுது. என்னன்னு பாரு."

குழாயில் ஊற்றி மருந்து இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் வெள்ளை வெளேரென்று திரிந்தது. அத்தனை உப்பு.

"பால் மாதிரி ஆகுதே. நல்லதா?" என்று கேட்டார்.

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். தொட்டியின் அடியில் களிமண் போட்டு இறுக்கச் சொல்லி வரைபடத்தில் இருந்தது. போட்டார்களா என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஆற்றில் போன உப்பெல்லாம் இப்போது இந்தக் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு தெளிந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தத் தடவை உள்ளதை எழுதினேன். கிணற்றைப் பற்றி மட்டும். மாதிரித் தண்ணீரோடு பதிவுத் தபாலில் அதிகாரிக்கே நேராக அனுப்பினேன். பத்து நாளில் அந்தக் கடிதம், என் கையெழுத்தோடு, பெரிய முதலாளியின் மேசைக்கு வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. "வீட்டுக்குப் போ தாயி" என்றார். அவர் என்னைத் தாயி என்றது அதுதான் முதல் தடவை. எங்கள் கடைச் சுண்ணாம்பும் அன்றோடு நின்றது.

அப்பா என்னை அடிக்கவில்லை. "ஒரு கெணத்துக்காகவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அடுத்து வந்த தையிலேயே என்னைப் போடியில் கட்டிக் கொடுத்தார்கள். காலனிக் கிணற்றைக் கல் பாவி மூடிவிட்டு, வாரத்துக்கு இரண்டு தரம் டிராக்டரில் தண்ணீர் விட்டதாகக் கேள்விப்பட்டேன். வளாகம் நன்றாகவே நடந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். தெளிந்த ஆற்றில் விளைந்த அரிசியைத்தான் போடியில் எங்கள் வீட்டிலும் வாங்கினோம். நல்ல அரிசி.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு மத்தியானம் தேனி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கம்பம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் மயில்துத்தத்தின் நீலம். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போவதாகச் சொன்னார். தோல் வளாகத்தில் வேலையை விட்டுவிட்டாராம். நான் அவரை முதல் தடவையாக 'நீங்க' என்றேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

இவ்வளவு நாள் உள்ளே கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அன்னைக்கு மேல ஆசிட் தொறக்கப் போறாகன்னு எனக்குத் தெரியும். மேஸ்திரி என்கிட்டச் சொன்னாரு. நான் நிறுத்தியிருக்கணும்" என்றேன்.

"தெரியும். காலனியில எல்லாத்துக்கும் அன்னைக்கே தெரியும்" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவுக குடிச்சதா ஏன் எழுதுன?"

என் கண் அவர் கையின் நீலத்துக்குப் போனது.

"அவுக கள்ளக்கூடத் தொட்டதில்ல. போலீசு படிச்சுக் காட்டுச்சு, நீ எழுதுனதுன்னு. எம்மகளப் பாக்க வந்தவுக, குடிச்சுச் செத்தவன் மகள்னு சொல்லி வெத்தலையக்கூடத் தொடாமப் போனாக. இப்ப ரெண்டாந் தாரமாப் போயிருக்கா."

"நான் வேணும்னா வந்து அவுக வீட்ல சொல்றேன்" என்றேன்.

"எந்த வீட்ல?"

பஸ் வந்தது. கூட்டம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை என்னைப் பார்த்து, "ஏறுறீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த அம்மா முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து டிக்கெட் வாங்கினார். பஸ் திரும்பும்வரை அந்த முகம் என் பக்கம் வரவே இல்லை.